ஜனவரி ஒண்ணாம் தேதிக் கல்யாணங்கள்

"இதை எடுத்தது யாரு?"

மண்டபத்துக்காரம்மா கேட்டது என்னவோ சாதாரணக் கேள்விதான். ஆனால் அந்தப் போட்டோ ஸ்டூடியோவுக்குள் பல வருடங்களாக யாரும் வாயைத் திறந்து கேட்கக் கூடாத கேள்வி அது. சட்டம் போட்டவர், கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளியம்மா. வீட்டு மருமகளுக்கு மாமியார் என்பதால் கடையிலும் அவர் மாமியார்தான்.

அவருக்கு இரண்டு மகன்கள். கடையிலும் தெருவிலும் பெரியவர், சின்னவர் என்றால்தான் தெரியும். இருவரும் கேமராவைத் தூக்கிய நாள் முதல் தகராறு. "இது நான் எடுத்தது" என்பார் ஒருவர். "நீ எடுத்திருந்தா பாதித் தலை போயிருக்கும்" என்பார் மற்றவர். கடைசியில் முகப்புக் கண்ணாடியில் யார் எடுத்த படத்தை மாட்டுவது என்ற சண்டையில் அந்தக் கண்ணாடியே சுக்குநூறானது. அன்றைக்குத்தான் மாமியார் சட்டம் போட்டார்.

"இனிமே எவன் எடுத்தான்ற பேச்சே இந்தக் கடையில வரக்கூடாது. எல்லா கேமரா மெமரி கார்டையும் ஒரே இடத்துல கொட்டு. பேரை அழிச்சிட்டு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போடு. படம் கடையோடது. அவ்வளவுதான்."

அதன்பின் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அப்படித்தான். சண்டை நின்றது, கடை நிமிர்ந்தது. எந்தப் படம் யாருடையது என்பது மட்டும் ஆண்டவனுக்கே தெரியாமல் போனது.

இப்போது மண்டபத்துக்காரம்மா ஆல்பத்தின் நடுப்பக்கத்தில் விரலை ஊன்றிக்கொண்டு நின்றார். அவருடைய தங்கை மகள் கல்யாண ஆல்பம். படத்தில் மணப்பெண் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலைத் தேய்த்துக்கொண்டே வாய்விட்டுச் சிரிக்கிறாள். இரண்டு படி கீழே அவள் அப்பா, ஊசி மாதிரி குதிகால் வைத்த அந்தச் செருப்பைக் கையில் பிடித்தபடி, 'இதுமேலயா ஏறி நின்னே?' என்பதுபோல் பார்க்கிறார்.

"எனக்கு மூணு மண்டபம் இருக்கு. வர்றவங்கல்லாம் நல்ல போட்டோகிராபர் வேணும்னு உசிரை எடுக்குறாங்க. இனிமே மண்டபத்தோட சேர்த்து போட்டோகிராபரையும் நானே குடுக்கப் போறேன். அது இந்தப் படத்தை எடுத்தவரா இருக்கணும். வேற யாரும் வேணாம்."

"நான்தான்!" என்றார் பெரியவர்.

"நான்தான்!" என்றார் சின்னவர். இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்தன.

உள்ளறையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் எட்டிப் பார்த்தாள். பெரியவரின் மனைவி. கல்யாணமாகி வந்தபோது இருந்த ஒல்லிக்கு வீட்டில் பென்சில் என்று பெயர் வைத்தார்கள். இரண்டு பிள்ளை பெற்று உடம்பு பூசிய பிறகும் பெயர் மட்டும் ஒல்லியாகவே நின்றுவிட்டது.

"அது... நான் எடுத்த மாதிரி இருக்குங்க" என்றாள் பென்சில்.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து சிரித்தார்கள். ஒரு விஷயத்தில் அவர்கள் ஒன்றுசேர்ந்து நெடுநாளாயிற்று.

"அண்ணி, அன்னைக்கு நீங்க பைகளுக்குக் காவல் இருந்தீங்க!"

"ஏய் பென்சில், உன் கழுத்துல இருந்தது அந்தப் பழைய டப்பா. அதுல போய் இது விழுமா?"

பழைய டப்பா என்றால் பழைய கேமரா. கல்யாணங்களுக்குப் பென்சிலும் போவாள். லைட் பிடிக்க, பைகளைப் பார்த்துக்கொள்ள, அழுகிற குழந்தையைத் தூக்க, மணப்பெண்ணுக்கு ஊக்கு தேட. "சும்மா கழுத்துல மாட்டிக்கோ, மூணு பேர் வந்திருக்கோம்னு ஒரு கெத்தா இருக்கும்" என்று கணவர் அதை மாட்டிவிட்டிருந்தார். அவளும் சும்மா இருக்காமல் மூலையில் நின்று அமுக்கிக்கொண்டே இருந்தாள். வீடு திரும்பியதும் அந்தக் கார்டும் மற்றவற்றோடு சேர்ந்து ஒரே இடத்தில் கொட்டப்படும். அவள் எடுத்தது எது என்று ஒருவரும் பார்த்ததில்லை. ஆல்பம் கட்டும்போது சில படங்கள் அவளுக்கே ஏதோ சொல்லும். ஆனால் மூன்று பேர் ஒரே கூட்டத்தில் நின்று எடுத்த ஆயிரக்கணக்கான படங்களில் எதை வைத்து அடித்துச் சொல்வது?

மண்டபத்துக்காரம்மா மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்ல கூத்து. சரி, வெள்ளிக்கிழமை காலையில வர்றேன். இதே கை எடுத்த படம் இன்னும் இருபது எடுத்து வைங்க. ஒரு படம் யாருக்கு வேணும்னாலும் குருட்டு அதிர்ஷ்டத்துல விழும். இருபது விழாது."

அவர் தெருவில் இறங்கியதும் சின்னவர் அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தார். எந்தக் கேமராவில், எந்தத் தேதியில் எடுத்தது என்ற விவரம் படத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும். பெயரை மாற்றினாலும் போகாது. ஆனால் ஆல்பத்துக்காகத் திருத்தி அனுப்பிய படத்தில் அதெல்லாம் கழுவித் துடைக்கப்பட்டிருந்தது. மூலப்படம் வேண்டும். அது அலமாரியில் இருந்தது.

அந்த அலமாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏழு ஹார்ட் டிஸ்க்குகள், ஒரு பிஸ்கட் டப்பா நிறைய பென் டிரைவ்கள். ஒவ்வொரு டிஸ்க்கிலும் சின்னவர் கையெழுத்தில் ஒட்டிய சீட்டு: 'புதுசு', 'புதுசு இரண்டு', 'கடைசி', 'ரொம்பக் கடைசி', 'தொடாதே'. மீதி இரண்டில் சீட்டு விழுந்துவிட்டது. எதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் அண்ணன் தம்பியைக் காட்டுவார், தம்பி அலமாரியைக் காட்டுவார்.

"நான் அடுக்குறேன்" என்றாள் பென்சில்.

"உன்னால ஆகாது. அது கடல்" என்றார் கணவர்.

"நீங்க கொட்டின குப்பைதானே? அதுக்கு ஏன் கடல்னு பெருமை?"

கல்லாவிலிருந்து ஒரு கனைப்பு வந்தது. மாமியார். "சட்டம் இருக்கு, தெரியும்ல?"

"தெரியும் அத்தை. நான் யார் எடுத்ததுன்னு கேக்கல. எங்க வெச்சீங்கன்னுதான் கேக்குறேன்."

மாமியார் திரும்பிச் சில்லறையை எண்ண ஆரம்பித்தார். அண்ணனும் தம்பியும் தலையாட்டினார்கள். அடுக்கி முடித்தால் தன் பெயர்தான் மேலே வரும் என்று இருவருக்கும் நம்பிக்கை. பென்சிலுக்கு நம்பிக்கை இல்லை, வேகம்தான் இருந்தது. இந்த ஒரு முறை கண்டுபிடிக்காவிட்டால் இனி ஆயுசுக்கும் பைகளுக்குக் காவல்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்தச் சிரிப்பு இன்னும் காதுக்குள் இருந்தது.

மறுநாள் காலையில் ஒரு பெரிய புதிய டிஸ்க் வந்து சேர்ந்தது. சீட்டு விழுந்த டிஸ்க்குகளில் ஒன்று 'கிர்ர்... கிர்ர்' என்று முனகியது. பென்சில் அதைத்தான் முதலில் மாட்டினாள். "போற உசுரை முதல்ல பார்க்கணும்" என்று மேஜை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தாள். வெட்டி ஒட்டும் பேச்சே கிடையாது, எல்லாம் நகல்தான். நகல் முடிந்ததும் இங்கே எத்தனை, அங்கே எத்தனை என்று சரிபார்க்காமல் டிஸ்க்கைக் கழற்றவில்லை.

உள்ளே திறந்தால் கடையின் வண்டவாளம் முழுக்க வரிசையாக இருந்தது. வாடிக்கையாளர் பெயரை எழுதச் சோம்பல்பட்டு அண்ணனும் தம்பியும் வைத்த ஃபோல்டர் பெயர்கள்: 'கண்ணை மூடின மாப்பிள்ளை', 'லைட்டை மறைச்ச மாமா', 'மாமியாருக்கு மாமியார்', 'சாப்பாடு போடாத வீடு'. ஒரே கல்யாணம் நான்கு டிஸ்க்குகளில் இருந்தது, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கூட்டிக் குறைத்து.

"ஒரே மாப்பிள்ளைக்கு நாலு கல்யாணம் பண்ணி வெச்சிருக்கீங்களே!"

"பயம்தான் அண்ணி. ஒண்ணு போனா ஒண்ணு இருக்கட்டும்னு."

"நாலுலயும் அரைகுறையா வெச்சா அதுக்குப் பேரு பத்திரமா?"

அதைவிடப் பெரிய தலைவலி அந்த நம்பர்கள். மாமியார் சட்டப்படி ஒவ்வொரு கல்யாணமும் ஒன்றிலிருந்து தொடங்கும். அதனால் ஒன்றாம் நம்பர் படம் எத்தனை கல்யாணம் நடந்ததோ அத்தனை இருந்தது. இரண்டு கல்யாணங்களை ஒரே ஃபோல்டரில் போட்டால் 'பழையதை அழித்துவிட்டு இதை வைக்கவா?' என்று கம்ப்யூட்டர் கேட்கும். ஒருமுறை சின்னவர் எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' அமுக்கி, ஒரு வீட்டு மாப்பிள்ளை பக்கத்தில் அடுத்த வீட்டுப் பெண்ணை நிறுத்திய கதை தெருவுக்கே தெரியும்.

எனவே பென்சில் பெயரை நம்பவில்லை. ஒரே படத்தின் நகல்களை உள்ளடக்கத்தை வைத்துக் கண்டுபிடித்து ஒதுக்கும் ஒரு மென்பொருளை ஓடவிட்டாள். மிஞ்சியவற்றை, படத்துக்குள் பதிந்திருக்கும் தேதியைப் படித்து வருடம், மாதம், நாள் என்று அதுவே பிரித்து வைக்கும்படி சொல்லிவிட்டாள். திரையில் பச்சைக் கோடு எறும்பு மாதிரி நகர்ந்தது. நடுவே அவள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினாள், பாஸ்போர்ட் படம் வெட்டினாள், வந்து வந்து பார்த்தாள்.

வியாழக்கிழமை மதியம் வேலை முடிந்தது. புதிய டிஸ்க்கில் வருடங்கள் படிக்கட்டு மாதிரி வரிசையாக நின்றன. அண்ணனும் தம்பியும் நாற்காலியை இழுத்துப் போட்டு இருபுறமும் உட்கார்ந்தார்கள். மண்டபத்துக்காரம்மாவின் தங்கை மகள் கல்யாணம் நடந்த வருடம், மாதம், நாள். திறந்தாள்.

மேடை இருந்தது, கூட்டம் இருந்தது, சாப்பாட்டு வரிசை இருந்தது. படிக்கட்டுப் படம் இல்லை.

முன்னும் பின்னும் ஓட்டினாள். மறுபடியும் ஓட்டினாள். இல்லை.

"அண்ணி..." சின்னவரின் குரல் இறங்கியது. "அடுக்குறேன்னு சொல்லி அழிச்சிட்டீங்களா?"

"நான் ஒண்ணைக்கூட அழிக்கல."

"அப்ப எங்க போச்சு? றெக்கை முளைச்சுப் பறந்துச்சா?" என்றார் பெரியவர். "நான் அப்பவே சொன்னேன், இதைத் தொடாதேன்னு. நாளைக்கு அந்தம்மா முகத்துல எப்படி முழிக்கிறது?"

இருவரும் வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டே முன்கடைக்குப் போனார்கள். பழைய டிஸ்க்குகள் அப்படியே பத்திரமாக இருக்கின்றன, நகல் எண்ணிக்கையும் சரி. எனில் படம் உள்ளேதான் இருக்க வேண்டும். எங்கே? அவள் வருடங்களின் வரிசையைக் கீழே இருந்து மேலே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். உச்சியில் கண் நின்றது.

அங்கே ஒரு வருடம் இருந்தது. இருக்கக் கூடாத வருடம். அப்போது இந்தக் கடையில் டிஜிட்டல் கேமராவே கிடையாது. அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். பெரியவருக்கு மீசைகூட முளைத்திருக்காது. அந்த வருடத்துக்குள் ஒரே மாதம், ஒரே நாள். ஜனவரி ஒன்று. ஆயிரக்கணக்கான படங்கள்.

ஏதோ கெட்டுப்போன குப்பை என்று நினைத்துத் திறந்தாள்.

மணப்பெண்கள். ஒருத்தி கண்ணாடி முன்னால் பல்லில் ஒட்டிய உதட்டுச் சாயத்தைத் துடைக்கிறாள். ஒரு மாப்பிள்ளை நண்பனின் தோளில் சாய்ந்து தூங்குகிறான். சமையல்காரர் ஒருவர் கதவிடுக்கில் மேடையை எட்டிப் பார்க்கிறார். இரண்டு சம்பந்திகள் ஒரே குழந்தையின் இரண்டு கைகளைப் பிடித்து இழுக்கிறார்கள். எத்தனையோ வீடுகள், எத்தனையோ வருடங்கள், எல்லாக் கல்யாணமும் ஒரே நாளில். இன்னும் கொஞ்சம் ஓட்டினாள். படிக்கட்டு. செருப்பு. அப்பா.

விவரத்தைத் தட்டினாள். கேமரா: அந்தப் பழைய டப்பா.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தக் கேமராவுக்குள் கடிகாரத்தை ஓட்டும் சின்ன பேட்டரி செத்துப்போய் எத்தனையோ காலமாயிற்று. சார்ஜ் போட பெரிய பேட்டரியைக் கழற்றினால் போதும், தேதி அந்தக் கேமரா பிறந்த வருடத்துக்கே ஓடிவிடும். திரும்பப் போட்டதும் 'இன்றைய தேதி என்ன?' என்று கேட்கும். பென்சில் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. ஒரு கையில் லைட், ஒரு தோளில் பை, மணப்பெண் வேறு வந்துகொண்டிருப்பாள், யாருக்கு நேரம்? 'சரி' என்று அமுக்கிவிட்டு எடுக்க ஆரம்பித்துவிடுவாள். "தேதியைச் சரி பண்ணித் தொலை" என்று கணவர் எத்தனை தடவை திட்டியிருப்பார்!

சரி பண்ணியிருந்தால் எல்லாம் கலந்தே போயிருக்கும், ஒவ்வொரு படமாகத் திறந்து கேமராவைப் பார்த்தால்தான் உண்டு. அவள் பண்ணாத அந்த ஒரு வேலைதான், மூன்று பேர் கொட்டிய குவியலிலிருந்து அவள் எடுத்ததை மட்டும் பொறுக்கி ஓரமாக வைத்திருந்தது.

பென்சில் கதவைச் சாத்திக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு உட்கார்ந்து இருபது படத்தைப் பொறுக்கி எடுத்தாள். இருபதில் நிற்கத்தான் கஷ்டப்பட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை மண்டபத்துக்காரம்மா சொன்னபடி வந்தார். அண்ணனும் தம்பியும் அவரவர் கேமரா விவரத்தைப் பார்த்துப் பொறுக்கி, ஆளுக்கு இருபது படத்தோடு தயாராக நின்றார்கள். முதலில் பெரியவருடையது.

"நல்லாத்தான் இருக்கு. எல்லாரும் போலீஸ் வந்த மாதிரி நேரா நிக்கிறாங்க" என்றார் அந்தம்மா.

சின்னவருடையது. "அடேயப்பா, என்ன வெளிச்சம்! ஆனா கல்யாணம் லைட்டுக்கா, பொண்ணுக்கா?"

பென்சில் மௌஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். முதல் படம். இரண்டாவது. சமையல்காரர் படம் வந்தபோது மண்டபத்துக்காரம்மா கண்ணாடியை எடுத்து மாட்டினார். சம்பந்திகள் படத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டார். கடைசியாகப் படிக்கட்டு.

"இதே கை" என்றார். "இதேதான். யாரு?"

"பழைய கேமரால எடுத்தது எல்லாம். அதோட தேதி தப்பு, அதனால தனியா வந்து விழுந்திருக்கு. அந்தக் கேமரா என் கழுத்துலதான் இருக்கும்."

"ஒரு நிமிஷம் அண்ணி!" சின்னவர் விடுவதாக இல்லை. "அந்தக் கேமராவை நானும் தொட்டிருக்கேன். அண்ணனும் தொட்டிருக்காரு. உங்க கழுத்துல இருந்ததுன்னு எதை வெச்சு சொல்றது?"

"இருங்க தம்பி, காட்டுறேன்."

பென்சில் ஜனவரி ஒன்றைத் திறந்து மெதுவாக ஓட்ட ஆரம்பித்தாள். படத்துக்குப் படம் ஓரத்தில் ஒரு அகலமான முதுகு. பெரியவர். அதற்கு எதிர்ப்பக்கம் நாற்காலி மேல் ஏறி நிற்கும் ஒரு ஆள், கண்ணில் கேமரா, சட்டை வெளியே தொங்குகிறது. சின்னவர். இன்னொன்றில் இருவரும் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு நிற்கிறார்கள். மற்றொன்றில் மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து வாய் நிறைய மெல்லுகிறார்கள்.

"நீங்க ரெண்டு பேரும் படத்துக்குள்ள இருக்கீங்க" என்றாள் பென்சில். "அப்ப வெளிய நின்னு எடுத்தது யாரு?"

"ஏன், நானா எடுத்தேன்?" என்று கல்லாவிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. அவர் எழுந்து வந்து, மகன்களை இரண்டு கையாலும் விலக்கிவிட்டு, திரைக்கு முன்னால் குனிந்தார். ஒரு படம் விடாமல் பார்த்தார். நிமிர்ந்து மருமகளைப் பார்த்தார்.

"இவனுங்க ரெண்டு பேரையும் அடக்கத்தான் சட்டம் போட்டேன். நடுவுல நீ மாட்டுனது எனக்குத் தெரியல. சட்டம் இன்னையோட ரத்து." பிறகு வாடிக்கையாளர் பக்கம் திரும்பினார். "எடுத்தது என் மருமக. நல்லாப் பார்த்துக்கோங்க, இவதான்."

பெரியவர் ஒரு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை நண்பனின் தோளில் தூங்கும் படம். "இந்தப் படத்துக்குத்தான் அந்த மாப்பிள்ளை வந்து என்னைக் கட்டிப் பிடிச்சாரு" என்றார் மெல்ல. "நானும் ஜம்முனு நின்னு வாங்கிக்கிட்டேன்."

"பரவால்ல. அடுத்த தடவை நான் வாங்கிக்கிறேன்" என்றாள் பென்சில்.

"கட்டிப் பிடிக்கிறதையா?"

"பேரை!"

மண்டபத்துக்காரம்மா கைப்பையைத் தோளில் மாட்டினார். "ஞாயித்துக்கிழமை முதல் கல்யாணம். இவங்க வரணும். லைட் பிடிக்க, பை பார்த்துக்க யாரைக் கூட்டிட்டு வந்தாலும் எனக்குக் கவலையில்ல."

"ஒரு விஷயம்" என்றாள் பென்சில். "பழைய கேமராவோட வரமாட்டேன். இவரோட கேமரா எனக்கு வேணும்."

எல்லோரும் பெரியவரைப் பார்த்தார்கள். அவர் கழுத்திலிருந்து வாரைக் கழற்றினார். லென்ஸைச் சட்டை நுனியால் ஒருமுறை துடைத்தார். பிறகு கொடுத்துவிட்டார்.

"கீழ போட்டுடாத" என்றார்.

"உங்களைவிட நல்லா வெச்சுக்குவேன்."

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். சின்னவர் லைட் ஸ்டாண்டை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து நின்றார். பெரியவர் நான்கு பைகளுக்கு நடுவே, மடியில் யாருடைய குழந்தையோ அழ, தலையைக்கூடச் சொறிய முடியாமல் உட்கார்ந்திருந்தார். மேடையில் மாப்பிள்ளையின் பெரியப்பா, குடும்பப் படத்துக்காக எல்லோரையும் நிறுத்திவிட்டு, தானும் கையைக் கட்டிக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, கொஞ்சம் ஓரமா நில்லும்மா. போட்டோகிராபர் வந்துடட்டும்" என்றார் பென்சிலிடம்.

பென்சில் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஏறி நின்று, கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள்.

"வந்தாச்சு பெரியப்பா" என்றாள், மண்டபம் முழுக்கக் கேட்கிற குரலில். "முதல்ல அந்தக் கையைப் பிரிங்க. உங்க வீட்டுக் கல்யாணம்தானே, கொஞ்சம் சிரிங்க!"

பெரியப்பா திகைத்தார். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள், அது முன்வரிசைக்குப் பரவியது, மணப்பெண் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள், கடைசியில் பெரியப்பாவுக்கும் தாங்கவில்லை.

பென்சில் அமுக்கினாள்.